எந்தப் பக்கம்? என்ன வேலை?

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் மரப்பட்டறைத் தோழர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களே,

சைனஸில் வரும் புற்றுநோயைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும்: வாய்ப் புற்றுநோய் தெரியும், மார்பகப் புற்றுநோய் தெரியும், சைனஸில்கூடப் புற்றுநோய் வருமா? வரும். ஆனால் அபூர்வமாக வரும். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்பதே பொதுவான கணக்கு. தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்கள் நூறு என்றால், அவற்றில் ஐந்துகூட இது தேறாது.

அப்படியானால் இவ்வளவு அபூர்வமான நோய்க்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு மண்டபமும் எதற்கு? அபூர்வமாக இருப்பதுதான் இந்த நோயின் ஆபத்தே. அடிக்கடி வரும் நோயை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். அபூர்வமான நோயை நோயாளியும் சந்தேகிப்பதில்லை, மருந்துக் கடைக்காரரும் சந்தேகிப்பதில்லை, பல நேரம் மருத்துவரும் சந்தேகிப்பதில்லை. யாரும் சந்தேகிக்காத இடத்தில் அது நிதானமாக வளர்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலோருக்கு அது மூன்றாம் கட்டத்தையோ நான்காம் கட்டத்தையோ எட்டிவிட்டிருக்கிறது.

இந்த நோயைப் பிடிக்க மருத்துவரிடம் பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இயந்திரத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. காசு செலவில்லாத கேள்விகள். எந்தப் பக்கம்? என்ன வேலை? இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். நம் முகத்தை ஒரு பழைய வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நடுவிலுள்ள ரேழி. அதன் இருபுறமும் காற்று மட்டுமே குடியிருக்கும் அறைகள். கன்னத்துக்குள் ஓர் அறை, இரு கண்களுக்கும் நடுவே சிறு சிறு அறைகள், நெற்றிக்குள் ஓர் அறை, எல்லாவற்றுக்கும் பின்னால், மண்டையின் நடுவில், ஓர் அறை. இப்படி நான்கு ஜோடி. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். அறைச் சுவர்கள் மிக மெல்லியவை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பு காகிதத் தடிமன்தான் இருக்கும். சுவருக்கு அந்தப்புறம் யார் குடியிருக்கிறார்கள்? கன்ன அறையின் தரைக்குக் கீழே மேல்வரிசைப் பற்கள், கூரைக்கு மேலே கண். கண்ணிடை அறையின் கூரைக்கு மேலே மூளை. பின்னறைக்குப் பக்கத்தில் பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும்.

இப்போது புரிகிறதா, இந்த நோய் ஏன் மௌனமாக இருக்கிறதென்று? அறை காலியாக இருக்கும்வரை கட்டி வளர இடம் உண்டு. வலிக்காது, வீங்காது. அறை நிரம்பிச் சுவரை அரித்த பிறகுதான் செய்தி வெளியே வருகிறது. அதுவும் மூக்கிலிருந்தே வருமென்று சொல்ல முடியாது. பல்லில் வரும், கண்ணில் வரும், கன்னத்து மரத்துப்போதலாக வரும்.

ஐம்பத்தைந்து வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பலரின் கதையை ஒருவர் கதையாகச் சொல்கிறேன். வலது மூக்கு அடைக்கிறது. சளிதான் என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறார். ஒரு மாதமாகிறது. மருந்துக் கடையில் மூக்குச் சொட்டு வாங்கிப் போடுகிறார். கொஞ்சம் திறந்தது போலிருக்கிறது, மறுபடி அடைக்கிறது. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. "சூடு ஒத்துக்கலை" என்று இளநீர் குடிக்கிறார். வலது கண்ணில் நீர் வடியத் தொடங்குகிறது. கண் மருத்துவரிடம் போகிறார், சொட்டு மருந்து தருகிறார்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. பல் மருத்துவர் பிடுங்கிவிடுகிறார். பிடுங்கிய குழி ஆறவில்லை. ஆறாத குழியிலிருந்து சதை வளர்கிறது. அப்போதுதான் யாரோ ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். இதற்குள் எட்டு மாதம் போயிருக்கும்.

இதில் யாரைக் குறை சொல்வது? ஒவ்வொருவரும் தம் முன்னால் வந்த குறைக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் அடைப்பும் வலதுபக்கம், ரத்தமும் வலதுபக்கம், கண்ணீரும் வலதுபக்கம், ஆடிய பல்லும் வலதுபக்கம். நான்கையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்திருந்தால் நோய் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

எந்தப் பக்கம்? சாதாரணச் சளி இரண்டு பக்கமும் அடைக்கும். ஒவ்வாமைத் தும்மல் இரண்டு பக்கமும் ஒழுகும். மூக்கில் சதை வளர்ச்சி என்கிறோமே, அந்தப் பாலிப்பும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கம், எப்போதும் அதே பக்கம், வாரக்கணக்கில் அதே பக்கம் என்றால் அதற்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். சிறு குழந்தை என்றால் புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே மாட்டியிருக்கும். சிலருக்கு மூக்குத் தண்டு வளைந்திருக்கும். சிலருக்குச் சொத்தைப் பல்லிலிருந்து சீழ் ஏறியிருக்கும். இவையெல்லாம் ஆபத்தில்லாத காரணங்கள், இவைதான் அதிகமும். ஆனால் நாற்பதைத் தாண்டியவருக்கு ஒருபக்க அடைப்போடு ஒருபக்க ரத்தக்கசிவும் சேர்ந்தால், உள்ளே பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது. மாணவர்களே, இதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை. கட்டளையாகவே சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு உங்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் கவுண்டியில், ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் சில்டர்ன் குன்றுகள், குன்றுகள் நிறைய பீச் மரக் காடுகள். காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கி, பச்சை மரத்தைக் கடைந்து நாற்காலிக் கால் செய்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தக் கால்களை வாங்கி, பலகையும் முதுகும் பொருத்தி நாற்காலியாக்கிய பட்டறைகள் ஊருக்குள் இருந்தன. பிறகு பட்டறைகள் தொழிற்சாலைகளாயின. அந்த ஊர்க் கால்பந்து அணியான விக்கம் வாண்டரர்ஸை இன்றைக்கும் நாற்காலிப் பையன்கள் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். ஊரே நாற்காலியை நம்பி வாழ்ந்த ஊர்.

அந்த ஊரில் எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர் காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தார். சைனஸ் புற்றுநோயை ஒரு சிற்றூர் மருத்துவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை பார்ப்பார்? விரல்விட்டு எண்ணலாம். ஆனால் இவரிடம் அடுத்தடுத்து வந்தார்கள். வந்தவர்களின் கையைப் பார்த்தார், தொழிலைக் கேட்டார். மரவேலை. அடுத்தவர்? மரவேலை. அதற்கடுத்தவர்? நாற்காலித் தொழிற்சாலை. பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்டு மெக்பெத் என்ற மூத்த நிபுணர் தம் சைனஸ் புற்றுநோய் நோயாளிகளைப் பற்றி 1965-இல் எழுதினார். அவரும் இதே தொடர்பைக் கண்டிருந்தார். இருவருடனும் டொனால்டு அச்சிசன் என்ற நோய்ப்பரவலியல் அறிஞர் சேர்ந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக, எய்ட்ஸ் பரவிய நெருக்கடிக் காலத்தில் பொறுப்பிலிருந்தவர் இவர்தான்.

மூவரும் என்ன செய்தார்கள்? புதிய கருவி எதையாவது கண்டுபிடித்தார்களா? இல்லை. பழைய நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டினார்கள். யார் என்ன வேலை செய்தார், எந்த ஆண்டிலிருந்து செய்தார், எந்த மரத்தில் செய்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்கள். மெருகுப் பூச்சு காரணமாக இருக்குமா, வார்னிஷ் காரணமாக இருக்குமா என்று சலித்துப் பார்த்தார்கள். மரத்தை அறுத்தவர்களும் இழைத்தவர்களும் தேய்த்தவர்களுமே நோயாளிகளாக நின்றார்கள். தூள்தான் குற்றவாளி. 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. ஊரிலுள்ள மற்ற ஆண்களோடு ஒப்பிட்டால், அறைகலன் செய்யும் மரத்தொழிலாளருக்கு ஒரு குறிப்பிட்ட வகை மூக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல நூறு மடங்கு அதிகம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இல்லை, தோழர்களே. பல நூறு மடங்கு.

அடுத்த ஆண்டே, 1969-இல், பிரிட்டிஷ் அரசு இதை இழப்பீடு தரத்தக்க தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. 1970-இல் நார்த்தாம்ப்டன்ஷயரில் காலணி செய்பவர்களிடமும் இதே புற்றுநோய் கூடுதலாக இருப்பது தெரிந்தது. அங்கே தோல்தூள். வேல்ஸில் கிளைடாக் என்ற ஊரில் மோண்டு கம்பெனியின் நிக்கல் சுத்திகரிப்பு ஆலை. அங்கே வேலை பார்த்த பழைய தொழிலாளர்களிடமும் மூக்குப் புற்றுநோய் மிகுந்திருந்தது. ஆனால் 1930-க்குப் பிறகு, ஆலையின் வேலைமுறை மாறிய காலத்துக்குப் பிறகு, வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த ஆபத்து பெருமளவு மறைந்துவிட்டது. இந்த ஒரு செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் முறையை மாற்றினால் இந்தப் புற்றுநோயைத் தடுக்க முடியும்.

தூள் எப்படிப் புற்றுநோயாகிறது? மூக்கின் உட்புறம் முழுவதும் ஈரமான சவ்வு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் மரத்தூளைச் சுவாசித்தவர்களிடம் இந்த அசைவு மந்தமாகிவிடுவதை ஹை விக்கத்திலேயே கண்டார்கள். மூக்கின் உள்ளே நடு மடிப்பின் முன்முனையில் தூள் தேங்கி நின்றது. தேங்கிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் எரிச்சல். அந்த எரிச்சலில் சவ்வு தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது.

எப்படி மாற்றிக்கொள்கிறது தெரியுமா? எனக்கு இன்றும் வியப்பு தீராத செய்தி இது. மரத்தொழிலாளரின் மூக்கிலிருந்து எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் வைத்தால் அது மூக்குச் சவ்வு போலவே இருப்பதில்லை. பெருங்குடல் சவ்வு போல இருக்கிறது! குடல்வகைப் புற்று என்றே அதற்குப் பெயர். குடலில் தோன்றி மூக்குக்குப் பரவியதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒற்றுமை. அதனால் சில நேரம் குடலையும் கேமரா விட்டுப் பார்த்த பிறகே, இது மூக்கிலேயே பிறந்தது என்று உறுதி சொல்கிறார்கள்.

இன்னொன்று. இந்தத் தூள் இன்றைக்குச் சுவாசித்து நாளைக்கு நோய் தருவதில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நோய் தெரிவதற்குச் சராசரியாக நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பதினைந்து வயதில் உளி பிடித்தவருக்கு ஐம்பத்தைந்தில் வருகிறது. அப்போது அவர் பட்டறையை விட்டே போயிருக்கலாம். பெட்டிக்கடை வைத்திருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். "என்ன வேலை?" என்று மருத்துவர் கேட்டால் "வாட்ச்மேன்" என்பார். ஆகவே கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க? சின்ன வயசுல?"

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல். பீச், ஓக் ஆகிய வன்மரங்களைப் பற்றித்தான் சான்று மிக வலுவாக இருக்கிறது. நம் தேக்கும் வன்மரம்தான். இதைக் கேட்டுப் பட்டறைத் தோழர்கள் பயப்பட வேண்டாம். மரவேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரப்போவதில்லை. ஆனால் வராமல் தடுக்கக்கூடிய ஒன்றை ஏன் வரவிட வேண்டும்? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் மூக்குக்குள் பார்ப்பார். எண்டாஸ்கோப் என்பது நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாய், நுனியில் வெளிச்சம். மரத்துப்போகும் மருந்தில் பஞ்சுத்திரியை நனைத்து மூக்கில் வைத்து, பத்து நிமிடம் உட்காரவைப்பார்கள். தொண்டையில் கொஞ்சம் கசக்கும், மேல் பல் மரக்கும். அவ்வளவுதான். பிறகு குழாய் உள்ளே போகும், திரையில் நீங்களே பார்க்கலாம். சாதாரணப் பாலிப் வெளிறிப் பளபளவென்று இருக்கும், தொட்டால் ரத்தம் வராது. புற்றுக் கட்டி பெரும்பாலும் சிவந்து சொரசொரவென்று இருக்கும், குழாய் நுனி பட்டாலே கசியும். இரண்டுக்கும் நடுவே தலைகீழ் பாப்பிலோமா என்று ஒன்றுண்டு. புற்றல்ல, ஆனால் ஒருபக்கமாகவே வரும். பத்தில் ஒன்று அளவுக்குப் புற்றாக மாறவும் செய்யும். ஆகவே ஒருபக்கச் சதை எதுவானாலும் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடக் கூடாது.

பார்த்த உடனே சதையைக் கிள்ளி எடுத்துவிடலாமா? கூடாது. முதலில் ஸ்கேன், பிறகு பயாப்ஸி. இந்த வரிசை மாறவே கூடாது. ஏன்? மூக்கின் கூரையில் தொங்குவது கட்டிதான் என்று யார் சொன்னது? சிலருக்குப் பிறவியிலேயே எலும்பில் ஓட்டை இருந்து, மூளையின் ஒரு பகுதி மூக்குக்குள் இறங்கியிருக்கும். அதைக் கிள்ளினால் என்னாகும்? பதின்ம வயதுப் பையன்களுக்கு ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று வரும். அதைக் கிள்ளினால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும். எந்தச் சுவர் இருக்கிறது, எந்தச் சுவர் அரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். ஆனால் சிடியில் கட்டியும் தேங்கிய சளியும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். பாதி அறை கட்டி, பாதி அறை சளி என்றால் எது எது? அதை எம்ஆர்ஐ பிரித்துக் காட்டும். கண்ணின் உறைக்குள் போயிருக்கிறதா, மூளையின் உறையைத் தொட்டிருக்கிறதா, நரம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறியிருக்கிறதா என்பதையும் எம்ஆர்ஐதான் சொல்லும். இரண்டு ஸ்கேன் எழுதினால் காசு பறிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த நோய்க்கு இரண்டும் வேண்டும்.

ஒரு சின்னப் பாடம். உங்கள் ஆள்காட்டி விரலை எடுங்கள். கண்ணின் உள்முனையில் வையுங்கள். அங்கிருந்து கன்னத்தின் குறுக்கே, காதுக்குக் கீழே தாடை வளையும் மூலைவரை ஒரு கோடு இழுங்கள். சுவீடனைச் சேர்ந்த ஓன்கிரென் என்ற மருத்துவர் 1933-இல் இந்தக் கோட்டை வரைந்தார். கன்ன அறைக் கட்டி இந்தக் கோட்டுக்கு முன்னும் கீழும் இருந்தால் முழுதாக எடுக்கும் வாய்ப்பு அதிகம். மேலும் பின்னும் இருந்தால் கண்ணும் மண்டையடியும் பக்கத்தில் வந்துவிடும், கஷ்டம் அதிகம். ஸ்கேன் இல்லாத காலத்தில் வரைந்த கோடு, இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அடுத்தது பயாப்ஸி. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. எத்தனை பேரை இந்தப் பேச்சு சாகடித்திருக்கிறது! மூக்கு வழியாக முறையாகச் சதை எடுப்பதால் புற்று பரவிப் பெருகுவதில்லை. பயாப்ஸிக்குப் பயந்து ஆறு மாதம் மறைந்து திரிந்தால் அந்த ஆறு மாதத்தில்தான் பரவுகிறது. சதை எடுக்காமல் சிகிச்சை இல்லை. ஏனென்றால் சைனஸ் புற்று என்பது ஒரு நோயல்ல, பல நோய்களின் கூட்டம். செதிள் செல் புற்று அதிகம் வருவது. மரத்தூளோடு தொடர்புடையது சுரப்பிப் புற்று. நரம்போடு ஊர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பி வருவது ஒன்று. மணம் அறியும் நரம்புச் சவ்வில் பிறப்பது ஒன்று, அதை 1924-இல் பிரான்சில் முதன்முதலாக விவரித்தார்கள். மூக்குக்குள் கருமை நிறமிப் புற்று வரும். நிணநீர்ப் புற்றும் வரும்.

வகை தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நிணநீர்ப் புற்றுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சையே தேவையில்லை, கீமோவும் கதிர்வீச்சும்தான். எந்தச் செல் என்றே அடையாளம் சொல்ல முடியாத ஒரு கொடிய வகை உண்டு. அதற்கு இப்போது முதலில் கீமோ கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள். வகை தெரியாமல் முகத்தை அறுத்துவிட்டால், அறுத்ததைத் திருப்பி ஒட்ட முடியுமா? இந்த வகைகளைப் பிரிப்பது நோய்க்குறியியல் நிபுணரின் வேலை. சாதாரணச் சாயத்தில் எல்லாம் ஒரே நீலப் புள்ளிகளாகத் தெரியும். தனித்தனிச் சிறப்புச் சாயங்கள் போட்டுப் பிரிக்க வேண்டும். ஆகவே அபூர்வ வகை என்று ரிப்போர்ட் வந்தால், மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி, இந்த நோயை அதிகம் பார்க்கும் பெரிய மையத்தில் இன்னொரு முறை காட்டுங்கள். அது உங்கள் உரிமை, எந்த மருத்துவரும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வகையைப் பிரிக்க மட்டுமல்ல, புற்றுதானா என்று உறுதிசெய்யவும் பயாப்ஸி வேண்டும். 2021-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தது. அதுவும் ஒரு பக்கம்தான் தாக்கியது. அதுவும் பல்லை ஆட்டியது, கண்ணைத் தள்ளியது, எலும்பை அரித்தது. பூஞ்சையும் புற்றும் ஸ்கேனில் ஏமாற்றும். சதையைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இனி சிகிச்சை. பெரும்பாலான வகைகளுக்கு முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு. மேல்தாடை எலும்பை அறுத்தெடுக்கும் அறுவையை 1827-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜான்சூல் என்ற அறுவை மருத்துவர் செய்தார். மயக்க மருந்து கண்டுபிடிப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னால்! நோயாளி விழித்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கு மயக்க ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் அந்த நோயாளியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கூரையைத் தாண்டி மூளையடிவரை போன கட்டிகளை நெடுங்காலம் தொட முடியாதவை என்றே விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் மேலிருந்து மூளை அறுவை மருத்துவரும் கீழிருந்து மூக்கு மருத்துவரும் சேர்ந்து, நடுவிலுள்ள எலும்போடு கட்டியை ஒரே துண்டாக எடுக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் கெட்சமும் அவர் குழுவும் 1963-இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்ட பிறகு அது பரவியது. இப்போது தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், மூக்குத் துளைகள் வழியாகவே அந்தக் கட்டியை எடுக்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கில் ஒழுகாமல் இருக்க, மூக்குத் தண்டின் சவ்வையே ரத்தக்குழாயோடு உரித்துத் திருப்பி அடைக்கும் உத்தியை அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகர மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 2006-இல் அது வெளியான பிறகுதான் இந்த அறுவைக்குத் துணிச்சல் வந்தது.

கண்ணை எடுக்க வேண்டுமா? எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். கண்ணைச் சுற்றி எலும்புக்கு உள்ளே கெட்டியான ஓர் உறை இருக்கிறது. கட்டி அந்த உறையைக் கிழித்துக் கண்ணின் கொழுப்பு, தசைகளுக்குள் போகாதவரை பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்றிவிடலாம். இங்கேதான் எட்டு மாதத் தாமதத்துக்கு விலை கொடுக்கிறோம்.

கன்ன எலும்பை எடுத்துவிட்டால் சாப்பிடுவது எப்படி, பேசுவது எப்படி? வாயின் மேல்கூரையில் ஓட்டை விழுந்துவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும், பேச்சு முழுதும் மூக்கால் வரும். ஆனால் அந்த ஓட்டையை ஒரு தட்டால் அடைத்துவிட்டால் பழையபடி பேசலாம். இதற்கு ஒரு நல்ல சான்று வரலாற்றில் இருக்கிறது. 1893-இல் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்துக்கு மேலண்ணத்தில் கட்டி. நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி, செய்தி வெளியே தெரியக் கூடாது. ஜூலை 1-ஆம் தேதி ஒனைடா என்ற உல்லாசப் படகில், ஓடும் தண்ணீரில், வாய் வழியாகவே இடது மேல்தாடையின் பெரும்பகுதியை எடுத்தார்கள். வெளியே தழும்பு இல்லை, மீசைக்குச் சேதமில்லை. பல் மருத்துவர் ஒருவர் ரப்பரில் செய்துகொடுத்த அண்ணத் தட்டை மாட்டிக்கொண்டு அவர் பழையபடி பேசினார். உண்மையை எழுதிய பத்திரிகையாளரைப் பொய்யர் என்றார்கள். அறுவையில் உடனிருந்த டாக்டர் கீன் 1917-இல் முழுக்கதையையும் எழுதிய பிறகே நாடு நம்பியது. அதற்குள் கிளீவ்லாந்து, அறுவைக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1908-இல் இறந்தே போயிருந்தார். அவருடையது சைனஸில் தொடங்கிய கட்டியன்று. ஆனால் அந்த ஓட்டையும் அந்தத் தட்டும் எங்கள் நோயாளிகளுடையவைதான்.

இன்று அந்தத் தட்டை அக்ரிலிக்கில் செய்கிறார்கள். அறுவை அறையிலேயே தற்காலிகத் தட்டு ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். புண் ஆற ஆற அளவெடுத்து மாற்றுவார்கள். கடைசியில் பல்லோடு கூடிய நிரந்தரத் தட்டு. சாப்பிட்ட பிறகு கழற்றிக் கழுவ வேண்டும், குழியையும் உப்புத் தண்ணீரால் அலம்ப வேண்டும். முதல் நாள் கண்ணாடியில் பார்க்க மறுப்பவர்கள், தட்டு பொருந்திய பிறகு போனில் வீட்டாரோடு பேசுவதை நான் வார்டில் நின்று கேட்டிருக்கிறேன். சிலருக்குத் தொடையிலிருந்தோ காலெலும்பிலிருந்தோ சதையும் எலும்பும் எடுத்து ஓட்டையையே மூடிவிடுகிறார்கள். எது யாருக்கு என்பது ஆளைப் பொறுத்தது.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. "கரண்ட் வைப்பது" என்கிறோமே, அது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் போல. கரண்ட் என்று பெயர்தான், ஷாக் அடிக்காது. ஆனால் வாய் வறளும், தோல் கறுக்கும், சுவை போகும். தொடங்கும் முன்னால் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது. பார்வை நரம்பையும் மூளையையும் விட்டுவிட்டுக் கட்டியிருந்த இடத்தை மட்டும் குறிவைக்கும் நுட்பங்கள் வந்துவிட்டன. புரோட்டான் கதிர்ச் சிகிச்சைகூட 2019 முதல் சென்னை தரமணியில் கிடைக்கிறது. அதன் செலவு எல்லாராலும் தாங்கக்கூடியதல்ல, எல்லாருக்கும் அது தேவையும் இல்லை.

குணமாகுமா? ஒரே பதில் சொன்னால் அது பொய். வகையையும் கட்டத்தையும் பொறுத்து மிகவும் மாறும். எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மூக்குக்குள் மட்டும் இருக்கும்போதே பிடிபட்டவர்களின் நிலை அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐந்து ஆண்டு முடிந்ததும் மருத்துவரை மறந்துவிடாதீர்கள். சில வகைகள் மிகத் தாமதமாகத் திரும்பும். வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கொரு முறையாவது அந்தக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டறை முதலாளிகளே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் இடத்தில், சாண்டிங் மெஷின் ஓடும் இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற மரச் சீவலைவிடத் தெரியாத மெல்லிய தூள்தான் ஆபத்து. மெஷினோடு தூள் உறிஞ்சும் குழாயை இணையுங்கள். மாலையில் தரையை வறட்டு விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைக்கச் செய்யுங்கள் அல்லது உறிஞ்சும் இயந்திரம் வையுங்கள். காற்றழுத்தக் குழாயால் சட்டையிலுள்ள தூளை ஊதிவிடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் வன்மரத்தூள் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பட்டறையில் வெயில் கீற்று விழும்போது நிமிர்ந்து பாருங்கள், எவ்வளவு பறக்கிறதென்று. தோழர்களே, தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. அந்தத் தூள் துண்டின் நெசவுக்குள் புகுந்து வரும். தூள் வடிகட்டும் முகக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கித் தருவது முதலாளியின் கடமை.

மாணவர்களே, நோயாளிச் சீட்டில் தொழில் என்றொரு கட்டம் இருக்கிறது. பாதிச் சீட்டுகளில் அது காலியாகவே கிடக்கிறது, அல்லது "கூலி" என்று ஒற்றைச் சொல்லோடு நிற்கிறது. ஹாட்ஃபீல்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஹை விக்கத்தின் உண்மை இன்னும் எத்தனை ஆண்டுகள் புதைந்து கிடந்திருக்கும்? நாளைக் காலை புறநோயாளிப் பிரிவில் உட்காரும்போது அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். இப்போதைய வேலையையும் எழுதுங்கள், பழைய வேலையையும் எழுதுங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரே பக்க மூக்கடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், ஒரே பக்கம் ரத்தம் கசிந்தால், ஒரு பக்கக் கன்னம் மரத்தால், காரணமில்லாமல் மேல்பல் ஆடினால், கட்டிய பல்செட் திடீரென்று பொருந்தாமல் போனால், பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புற்று என்றே முடிவானாலும் கைவிரிக்க வேண்டாம், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமிருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

 வணக்கம்.